ஒற்றை ஆள் ட்ரெய்லர்

செப்டெம்பர் 3, புதன்

யோகராசா பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். இனி மகன் வீட்டோடுதானாம். அங்கே குளிர் இல்லையாம். இத்தனை வருடமாக ஞாயிறு விடியற்காலைகளில் என்னோடு மீன் பிடிக்கக் கடலுக்கு வந்தவனுக்கு மெல்பேர்ன் குளிர் இப்போதுதான் உறைத்திருக்கிறது. போகட்டும். எனக்குக் கோபம்தான், அதை அவனுக்கும் சொல்லிவிட்டேன்.

அவன் போனதால் வந்த தொல்லை படகு. துறையில் ட்ரெய்லரைப் பின்னுக்கு விட்டுத் தண்ணீரில் இறக்குவது என் வேலை, படகைத் தள்ளுவது அவன் வேலை. திரும்பி வந்தால் அவன் படகைப் பிடிப்பான், நான் வின்ச் கைபிடியைச் சுற்றிப் பட்டியால் இழுத்து ட்ரெய்லரில் ஏற்றுவேன். போன ஞாயிறு நான் தனியே போனேன். எங்கள் ட்ரெய்லரில் படகு இரண்டு நீளப் பலகைகளின்மேல் இருக்கும். பலகைக்குக் கம்பளம் சுற்றியிருக்கும். நனைந்த கம்பளம் படகின் அடியை விடவே விடாது. நெஞ்சைக் கொடுத்துத் தள்ளித்தான் இறக்கினேன். பிறகு ட்ரெய்லர்ச் சில்லின் மட்காட்டில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். காலையில் மனைவி மலர் அவித்துத் தந்த கடலை. வாய்வு.

மகள் தாரணி போன் எடுத்து, "அப்பா, போட்டை வித்துப்போட்டு அம்மாவோட ஒரு டூர் போங்கோ" என்கிறாள். கணக்காளர் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாவற்றையும் விற்கத்தான் தெரியும். நான் முப்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன். ஒற்றை ஆள் இறக்கி ஏற்றக்கூடிய மாதிரி ஒரு ட்ரெய்லரை அமைக்க எனக்குத் தெரியாதா?

செப்டெம்பர் 7, ஞாயிறு

கம்பளப் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உருளும் ரப்பர் ரோலர்கள் பூட்டினோம். 'பூட்டினோம்' என்றால், பக்கத்து வீட்டு ஸ்டீவ் ட்ரெய்லருக்குக் கீழே படுத்து முறுக்கினான், நான் மேலே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அவன் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவன், படுத்து வேலை செய்வது அவனுக்குப் பழக்கம். எனக்கு வயிறு உப்பியிருக்கும்போது குனிய ஏலாது.

மலர் வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் அவித்துத் தந்தாள். ஸ்டீவும் ஒரு கோப்பை குடித்துவிட்டு, இது எதற்கு மருந்து என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் என்றேன்.

மாலையில் மலரும் நானும் கடைக்கு நடந்து போய் வந்தோம். திரும்பி வரும்போது எங்கள் தெரு கொஞ்சம் ஏற்றம். ஸ்டீவ் வீட்டு ரோசாச் செடிகளில் மொட்டு விட்டிருக்கிறது. நின்று பார்த்தேன்.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் ரோசாப்பூவில உவ்வளவு விருப்பம்?" என்றாள் மலர்.

"ஏன், வயசு போனால் பூப் பாக்கக் கூடாதோ?"

"என்ர மல்லிகைக்கு ஒரு நாள் ஒரு வாளி தண்ணி ஊத்தியிருப்பியளோ?"

பெண்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்.

செப்டெம்பர் 13, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாவிட்டாலும் ஸ்டீவ் ஊர் முழுக்கச் சொல்லத்தான் போகிறான்.

துறையின் சாய்தளத்துக்கு மேலே, கார் நிறுத்தும் இடத்திலேயே படகின் கட்டுகளை எல்லாம் அவிழ்த்து ஆயத்தப்படுத்துவது என் வழக்கம். வரிசையில் நிற்பவர்களை மறிக்கக் கூடாது என்பது இங்கே மரியாதை. முகப்பில் கொளுவியிருக்கும் வின்ச் பட்டியையும் மேலேயே கழற்றிவிடுவேன். கம்பளம் இருந்த காலத்தில் அதில் ஆபத்தில்லை. நான்கு பேர் இழுத்தாலும் படகு அசையாது.

ரோலர் கம்பளம் அல்ல. சாய்தளத்தின் நடுவில் மெல்லப் பிரேக் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் படகு எனக்கு முன்னமே கடலுக்குப் புறப்பட்டுவிட்டது. கொங்கிரீட்டில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஓடி வந்து, சிரிக்காமல், தூக்கித் தண்ணீரில் விட்டார்கள். நான் தூக்கவில்லை. வழி சொல்லிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து சாய்தளம் செங்குத்து, பாசி வேறு என்று மலருக்கு விளக்கினேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அவளுக்குச் சொல்ல நினைத்தேன். யானை என்று என்னையே நான் சொல்வதா என்று விட்டுவிட்டேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

'முதலில் தண்ணீர், பிறகு பட்டி.' கராஜ் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று.

செப்டெம்பர் 20, சனி

இன்று வெற்றி. ட்ரெய்லரின் பின்மூலைகளில் இரண்டு வெள்ளைக் குழாய்களை நட்டேன். வெறும் ட்ரெய்லர் தண்ணீருக்குள் போனால் காரிலிருந்து எதுவும் தெரியாது. இப்போது குழாய் இரண்டும் தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. படகு ஏறும்போது காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளாமலும் அவை பிடிக்கும். முகப்பில் ஒரு நீளக் கயிறு கட்டி ட்ரெய்லரில் முடிந்தேன். தண்ணீருக்குள் விட்டு, பட்டியைக் கழற்றி, காரைப் பின்னுக்கு எடுத்து ஒரு பிரேக். படகு தானாக வழுக்கி இறங்கி, கயிறு முடிந்த இடத்தில் கன்றுக்குட்டிபோல நின்றது. தள்ளுவது என்ற பேச்சே இல்லை.

மலரும் வந்தாள். கடற்காற்று நல்லதாம். இத்தனை காலமும் மீன் மணம் என்று கராஜுக்குள்கூட வராதவள்.

பின்னுக்கு நின்று வழி சொன்னாள். அவளுக்கு இடம் வலம் எப்போதும் மாறும். நான் கத்த, அவள் கத்த, கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் குசினியில் அடுப்பைப் பார்த்து நின்றால் ஒரு பக்கம் பிறிட்ஜ், மறுபக்கம் சிங்க்.

"பிறிட்ஜ் பக்கம்! பிறிட்ஜ் பக்கம்! காணும் காணும். சிங்க் பக்கம் ஒரு பொட்டு!"

அந்தத் துறையில் இப்படி ஒரு மொழியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ட்ரெய்லர் நேராகப் போனது.

ஏற்றும்போது வின்ச் கைபிடிதான் கொஞ்சம் இறுக்கம். இன்னும் நீளமான கைபிடி போட்டால் இலகு. காரை நிறுத்தும் இடமும் தூரம், மேடு. வழியில் விளக்குக் கம்பத்தில் ஒரு கூழைக்கடா இருந்தது, நின்று பார்த்தேன்.

"அண்டைக்கு ரோசாப்பூ, இண்டைக்குக் கூழைக்கடா" என்று மலர் முணுமுணுத்தாள்.

கணவாய் நிறையக் கிடைத்தது. கறியும் பிட்டும். ஒரு கை குறைத்துத்தான் சாப்பிட்டேன், கணவாய் எனக்கு வாய்வு.

செப்டெம்பர் 25, வியாழன்

அண்ணரின் ஆட்டைத் திவசம். மரக்கறிச் சாப்பாடு. தாரணியும் வந்து போனாள்.

ஊரில், கொக்குவிலில், குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவரல்ல. அவருக்கு நோய் வருத்தம் என்று ஒன்றுமே இருக்கவில்லை. கொஞ்சம் வாய்வு மட்டும்தான், அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளது.

படத்துக்குப் பூ வைத்த மலர் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டொக்டரிடம் ஒருக்கால் காட்டுவோமா என்றாள். ஸ்னாப்பர் மீன் வரும் காலம் தொடங்கப் போகிறது, அது முடியட்டும் என்றேன்.

அண்ணரின் படம் வர வர என்னைப்போல் ஆகிறது. அல்லது நான்தான் படத்தைப்போல் ஆகிறேனோ தெரியாது.

அக்டோபர் 4, சனி

ட்ரெய்லரின் முன்சில்லு சின்னது. கராஜிலிருந்து கையால் இழுத்து வெளியே எடுப்பது அலுப்பு. பெரிய காற்றுச் சில்லு ஒன்று மாற்றினேன். ஒரு கையால் இழுக்கலாம். இழுத்தேன். இழுத்துவிட்டுக் கராஜ் வாசலில் நின்று மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது.

நீளக் கைபிடி போட்டும் வின்ச் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மோட்டர் வின்ச் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். கையில் சின்னப் பெட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் படகு தானாக ஏறும். முன்பு துறையில் அதை வைத்திருக்கிறவர்களைக் கண்டால் யோகராசாவும் நானும், 'மாமியார் சீதனமாகக் கொடுத்திருப்பா' என்று சிரிப்போம். காலம் மாறுகிறது.

யோகராசா போன் எடுத்தான். அங்கே மகன் அவனுக்கு ஒரு படகு வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். என் ட்ரெய்லரைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். குளிருக்குப் பயந்து ஓடியவனுக்கு அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு அனுப்பினேன்.

இரவில் சாய்வு கதிரையில் படுக்கிறேன். நேராகப் படுத்தால் வாய்வு மேலே ஏறுகிறது.

அக்டோபர் 9, வியாழன்

மோட்டர் வந்தது. பூட்டிக்கொண்டிருந்தேன். மலர் கராஜுக்குள் வந்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு வேலை ஓடாது.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"முதல்ல தள்ளேலாமல் போச்சு, ரோலர் பூட்டினியள். பேந்து சுத்தேலாமல் போச்சு, கைபிடியை நீட்டினியள். பேந்து இழுக்கேலாமல் போச்சு, பெரிய சில்லு. இப்ப மோட்டர்."

"அதுக்குப் பேர் முன்னேற்றம்."

"வாய்வு உள்ளவன் இஞ்சி குடிப்பான் அப்பா. மோட்டர் பூட்டமாட்டான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததென்று தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பானரை எறிந்தேன். அது ஸ்டீவின் வேலியில் பட்டது. நீர் என்ன டொக்டரோ, என்னைப் பாடையில வைக்க அவசரமோ என்று கேட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கெடுகுடி சொற்கேளாது" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள், நான் கண்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில் மூடி இருந்தது. மல்லித்தண்ணி இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பேனா, ஆஸ்பத்திரிக் கடதாசி. நாட்குறிப்புக் கொப்பி வீட்டில் இருக்கிறது, பிறகு ஒட்ட வேண்டும்.

ஞாயிறன்று நான் தனியே புறப்பட, மலர் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து காரில் ஏறிக்கொண்டாள். துறையில் மட்டும் 'பிறிட்ஜ்', 'சிங்க்' என்ற இரண்டு சொற்கள். படகு வழுக்கி இறங்கியது. கரையோரமாகக் கொஞ்ச நேரம் தூண்டில் போட்டோம். கடல் எண்ணெய் விட்டதுபோல் இருந்தது. திரும்பி வந்து, வெள்ளைக் குழாய்களுக்கு நடுவே படகை விட்டு, பட்டியைக் கொளுவி, சாய்தளத்தில் நின்று பொத்தானை அழுத்தினேன்.

படகு ஏறியது. அழகாக ஏறியது. நான் தள்ளவில்லை, இழுக்கவில்லை, சுற்றவில்லை. என் பெருவிரல் மட்டும்தான் வேலை செய்தது.

அப்படியும் அது வந்தது. யாரோ நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்துகிறமாதிரி. தாடை வரைக்கும், இடது கை வரைக்கும். பொத்தானிலிருந்து விரல் எடுபட்டது. படகு பாதியில் நின்றது. நான் மட்காட்டில் இருந்துவிட்டேன்.

மலர் தண்ணீருக்குள் செருப்போடு நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"ட்ரெய்லரில இனி மாத்துறதுக்கு ஒண்டும் இல்லையப்பா."

கையிலிருந்த பெட்டியை மட்காட்டில் வைத்தேன்.

"நெஞ்சு, மலர்" என்றேன். "நெஞ்சு நோகுது."

"ஓம். தெரியும்" என்றாள். போனை ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள்.

அம்புலன்ஸ் வரும்வரை என் கையை விடவில்லை. பின்னால் வரிசையில் படகோடு காத்திருந்தவர்கள் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. யாரோ ஒருவர் என் படகை ஏற்றிக் கட்டி, காரை மேலே கொண்டுபோய் விட்டு, சாவியை மலரின் கையில் கொடுத்தாராம். பிறகு ஸ்டீவ் போய் வீட்டுக்குக் கொண்டுவந்தானாம். அந்த மனிதர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு நல்ல ஸ்னாப்பர் கிடைக்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

நாளை பைபாஸ். நெஞ்செலும்பைப் பிளந்து செய்வார்களாம். டொக்டர் படம் வரைந்து காட்டினார். இருதயத்தில் மூன்று குழாய்கள் அடைப்பு. கொஞ்சக் காலமாகவே அறிகுறி இருந்திருக்குமே, ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டார். தாரணி மொழிபெயர்க்கத் தேவையில்லாத கேள்வி. நான் யன்னலைப் பார்த்தேன்.

மலர்தான் சொன்னாள், "இவருக்கு ரோசாப்பூவில விருப்பம்" என்று. டொக்டருக்கு விளங்கவில்லை. தாரணிக்கும் விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவள் அழுதாள்.

பயமாக இருக்கிறது. அண்ணருக்கு இந்தப் படத்தை வரைந்து காட்ட ஒருவரும் இருக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

வீடு. இருமினால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். ஒரு தேத்தண்ணிக் கேத்தலைவிடப் பாரமானதைத் தூக்கக் கூடாது. தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது, மூன்று மாதம்.

தாரணி படகை விற்க ஆள் பார்த்துவிட்டாள். நான் சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் சொன்னேன்.

"ஆர் சொன்னது விக்கிறதெண்டு?" குசினியிலிருந்து மலர்.

"அம்மா, அப்பாவால இனி ஏலாது."

"அப்பாவால ஏலாதெண்டுதானே அந்தாள் அவ்வளவத்தையும் பூட்டி வைச்சிருக்கு? ரோலர் இருக்கு, மோட்டர் இருக்கு. ஒரு நோயாளி தனிய இறக்கி ஏத்தக்கூடிய ட்ரெய்லர். சுகதேகி எனக்கு ஏலாதோ?"

தாரணி என்னைப் பார்த்தாள். நான் தலையணையை அணைத்துக்கொண்டு இருமினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கோயிலின் கார் நிறுத்தும் இடம் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் வெறிச்சென்று கிடக்கும். அங்கேதான் பயிற்சி. படகை இறக்கி வைத்துவிட்டு வெறும் ட்ரெய்லரோடு மலர் ஓட்ட, நான் கதிரை போட்டுக் குந்தியிருந்து வழி சொல்கிறேன். ட்ரெய்லரைப் பின்னுக்கு விடும்போது அது ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம் போகும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அவள் கேட்கிறாளில்லை.

"சிங்க் பக்கம்! சிங்க் பக்கம் எண்டுறன்!"

"ஆற்ற சிங்க்? என்ர சிங்கோ, ட்ரெய்லர்ர சிங்கோ?"

முப்பது வருட அனுபவமுள்ள ஓட்டுநரும் இந்தக் கேள்வியில் தடுமாறுவான். ஐயர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, சுவரோடு இருந்த தன் காரை எடுத்துத் தூரத்தில் விட்டார்.

நாங்கள் புறப்படும்போது சில்லுக்குக் கீழே வைக்க நான்கு தேசிக்காய் தந்தார். அவள் ஏறி நசுக்கினாள், நான்கில் மூன்றை.

ஜனவரி 17, சனி

பொங்கல் முடிந்து முதற்சனி. டொக்டர் படகில் 'இருக்கலாம்' என்றார். இருந்தேன்.

மலர் மேலே எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தினாள். பட்டியை மட்டும் தொடவில்லை. "முதல்ல தண்ணி, பேந்து பட்டி" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பின்னுக்கு விடும்போது இரண்டு தரம் முன்னுக்கு எடுத்து நிமிர்த்தினாள். நான் துறையோரப் பலகை மேடையில் நின்று, பிறிட்ஜ் சிங்க் என்று தொண்டை வற்றக் கத்தினேன். படகு வழுக்கி இறங்கி, கயிற்றில் நின்றது. வரிசையில் ஒருவர் கை தட்டினார். மலர் அதைக் காணாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள், ஆனால் முந்தானையை இரண்டு தரம் சரி செய்தாள்.

ஏற்றும்போது அவள் பொத்தானை அழுத்த, நான் பக்கத்தில் சும்மா நின்றேன். சும்மா நிற்பது லேசான வேலை அல்ல. பாதிப் படகு ஏறியிருக்கும்போது நெஞ்சில் ஒரு சுள்ளென்ற நோவு. பழைய நானாக இருந்தால் கடலில் கூழைக்கடா தேடியிருப்பேன்.

"மலர், நெஞ்சு நோகுது."

அவள் விரலை எடுத்தாள். படகு நின்றது.

"உள்ளயோ, வெளியயோ?" ஆஸ்பத்திரித் தாதி அவளுக்குப் பழக்கிய கேள்வி.

யோசித்துப் பார்த்தேன். "வெளிய. வெட்டின இடம். காற்றுக்கு இழுக்குது."

"அப்ப சட்டையைப் பூட்டுங்கோ" என்றுவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். படகு ஏறியது. அவ்வளவுதான். இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருக்கவா நான் அவ்வளவு இரும்பைப் பூட்டினேன் என்று எனக்கே வெட்கமாக வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கால் நீட்டியிருக்க யோகராசா போன் எடுத்தான். நான் மலரின் வீரதீரங்களைச் சொல்லி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உந்த மோட்டர் வின்ச் எங்க எடுத்தனி? எனக்கும் ஒண்டு பூட்ட வேணும்" என்றான்.

"ஏன்ரா, புதுப் போட், புது ட்ரெய்லர். கைபிடி நல்லாத்தானே இருக்கும்?"

"கைபிடி நல்லாத்தான் இருக்கு. சுத்தி முடிய எனக்குத்தான் இதில வந்து கொஞ்சம் அடைக்குது. கொஞ்சம் இருந்தால் சரியாப் போகும். உனக்குத் தெரியும்தானே, எங்கட ஆக்களுக்கு உள்ளதுதான். வாய்வு."

என் நெஞ்சைப் பிளந்தது தெரிந்தவன்தான் அப்படிச் சொன்னான்.

நான் எழும்பினேன். குசினிக்குப் போய், கணவாய் வெட்டிக்கொண்டிருந்த மலரைக் கை கழுவச் சொல்லி, போனை அவளிடம் கொடுத்தேன்.